தகுதியை அளக்கும் கோல் யார் கையில்?

2020ஆம் ஆண்டு வரை சிங்கப்பூரில் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் படிப்புத் தகுதியை ஒரு மூன்று இலக்க எண் சொன்னது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் கிடைக்கும் அந்த டி-ஸ்கோர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. 2021இல் அதே தேர்வுதான், பாடங்களும் அவைதான், ஆனால் எண் தலைகீழாக மாறிவிட்டது. பாடத்துக்குப் பாடம் 1 முதல் 8 வரை ஓர் அடைவுநிலை. நான்கு பாடங்களையும் கூட்டினால் 4 முதல் 32 வரை. இப்போது சிறிய எண்ணுக்குத்தான் மதிப்பு. பழைய டி-ஸ்கோர் ஒரு பிள்ளை எப்படி எழுதியது என்பதை மட்டும் காட்டவில்லை, அந்த ஆண்டு கூடவே எழுதிய மற்றப் பிள்ளைகளைவிட எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டது. புதிய முறையில் 90ம் அதற்கு மேலும் எடுத்த எல்லோரும் ஒரே நிலை. 91க்கும் 98க்கும் நடுவே முந்தைய ஆண்டு இருந்த பெரிய தகுதி வேறுபாடு மறு ஆண்டு காணாமல் போனது. இடையில் பிள்ளைகளின் மூளை மாறவில்லை. அந்த நுணுக்கமான வேறுபாட்டை இனிப் பொருட்படுத்துவதில்லை என்று ஓர் அமைச்சு முடிவெடுத்தது, அவ்வளவுதான்.

தகுதி நியாயமான அளவுகோலா, சமூகம் கட்டி வைத்த ஏற்பாடா என்று நடக்கும் நீண்ட விவாதத்தை இந்த ஒரு மாற்றத்திலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இரண்டு கட்சிகளும் தவறவிடும் ஒன்றை அது காட்டுகிறது. தகுதி பொய் இல்லை. நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளையும் இருக்கிறது, தடுமாறும் பிள்ளையும் இருக்கிறது. ஆனால் எந்தத் திறமையை அளப்பது, எந்த வயதில் அளப்பது, எவ்வளவு நுணுக்கமாக அளப்பது, அளந்தபின் என்ன பரிசு கொடுப்பது ஆகிய நான்கையும் மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். மனிதர் செய்த ஏற்பாடு என்பதாலேயே அது கெட்டதாகிவிடாது. சட்டமும் மனிதர் செய்ததுதான். ஆனால் சட்டத்தைப் போலவே அதற்கும் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். என் வாதம் இவ்வளவுதான்: தகுதி முறையைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அதை இயற்கை விதிபோல் நடத்துவதை நிறுத்த வேண்டும். அந்த அளவுகோலின் முனையில் நாம் தொங்கவிட்டிருக்கும் பரிசின் கனத்தையும் குறைக்க வேண்டும்.

முதலில் இந்த முறைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். 1965 ஆகஸ்டில் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது, இது ஓர் இனத்துக்கு மட்டும் உரிய நாடாக இருக்காது என்று சிங்கப்பூர் அறிவித்தது. 1966இல் அமைச்சர் எஸ். ராஜரத்னம் எழுதிய தேசியப் பற்றுறுதியும் இன, மொழி, சமய வேறுபாடின்றி என்றே பேசுகிறது. மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஒரு சமூகத்துக்கு அந்த வாக்குறுதி பெரிய பாதுகாப்பு. பெரும்பான்மையின் தயவில் கிடைக்கும் இடத்தைவிட, மதிப்பெண்ணால் கிடைக்கும் இடம் கௌரவமானது. சிங்கப்பூர்த் தமிழர்களில் பலர் தகுதி முறையைப் பற்றிய எந்தக் குறையையும் கேட்கத் தயங்குவதற்கு இந்த வரலாறே காரணம். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் அதே தமிழர் வரலாற்றை இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். ஆங்கிலேயர் காலத்தில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டு வகையாகத் தமிழர் வந்தார்கள். தஞ்சை, திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் தோட்டத்திலும் துறைமுகத்திலும் நகராட்சியிலும் கூலிகள் ஆனார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களில் பலர் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் கிராணிகள் (எழுத்தர்கள்) ஆனார்கள். இருவருக்கும் ஒரே மொழி. ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்ததற்கும் மற்றவர் வெயிலில் நின்றதற்கும் பெரிய காரணம், அமெரிக்க மிஷனரிகள் 1823இலேயே வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கி, யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வியை வேரூன்றச் செய்திருந்தார்கள் என்பது. ராஜரத்னம் பிறந்ததும் அதே வட்டுக்கோட்டையில்தான், 1915இல். கிராணி வேலைக்கான தகுதி அந்தக் கிராணியிடம் உண்மையாகவே இருந்தது. ஆனால் அந்தத் தகுதி அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்ததற்கு அவர் காரணம் இல்லை. தகுதி பற்றிய எந்தப் பேச்சிலும் இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சுதந்திர சிங்கப்பூரும் அளவுகோலை ஒரு முறை செய்துவிட்டு விட்டுவிடவில்லை. 1979இல் துணைப் பிரதமர் கோ கெங் சுவீயின் அறிக்கை பிள்ளைகளைத் திறனுக்கேற்பப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் உண்மையான ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு மொழிகளைச் சுமந்து படிக்க முடியாமல் ஏராளமான பிள்ளைகள் பாதியிலேயே பள்ளியை விட்டார்கள். பிரித்துக் கற்பித்ததால் இடைநிற்றல் வெகுவாகக் குறைந்தது. அதே முறைதான் பின்னாளில் பத்து வயதுப் பிள்ளைகளை இஎம்1, இஎம்2, இஎம்3 என்று பிரித்தது. இஎம்3 என்பது ஒரு பாடத்திட்டத்தின் பெயர். விளையாட்டுத் திடலில் அது ஒரு வசைச்சொல் ஆயிற்று. 2008இல் அந்தப் பிரிவு போனது. உயர்நிலைப் பள்ளியின் விரைவுநிலை, வழக்கநிலை (ஏட்டுக்கல்வி), வழக்கநிலை (தொழில்நுட்பம்) என்ற பிரிவுகள் 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர்களோடு முடிவுக்கு வந்தன. 1984இல் தொடங்கிய மீத்திறன் மாணவர் திட்டமும் இப்போதைய வடிவில் தொடராது என்று 2024 தேசிய தினப் பேரணியில் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தார். ஒவ்வொரு முறையும் மாற்றம் வரும்வரை பழைய கோடு பிள்ளைகளின் இயல்பான எல்லையாகவே பேசப்பட்டது. மாறிய பிறகு, அது ஒரு காலத்தின் கொள்கை என்று எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றவர்கள் அந்தப் பெயரோடு வளர்ந்து, அதற்கேற்ற வேலைக்குப் போய், அதற்கேற்ற சம்பளத்தில் குடும்பம் நடத்தினார்கள். கொள்கையைத் திருத்தலாம். அவர்களுக்கு அந்த ஆண்டுகளைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

சரி, கோடு யார் போட்டதாக இருந்தாலும் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்துதானே ஓடுகிறார்கள் என்று கேட்கலாம். இல்லை என்று அரசாங்கத்தின் எண்களே சொல்கின்றன. சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்கு ஓராண்டில் செலவிட்ட தொகை 2017/18 குடும்பச் செலவினக் கணக்கெடுப்பில் 1.4 பில்லியன் வெள்ளி. 2023 கணக்கெடுப்பில் அது 1.8 பில்லியன் வெள்ளி. வருமானத்தில் மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்கள் கடைசி ஐந்தில் ஒரு பங்கைவிட நான்கு மடங்குக்கும் மேல் செலவிடுகின்றன. தொடக்கநிலை ஒன்று சேர்க்கையில் பெற்றோர் படித்த பள்ளி என்பதற்கு முன்னுரிமை உண்டு, வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பதற்கும் உண்டு. பெயர்பெற்ற பள்ளியைச் சுற்றி வீட்டு விலை என்ன என்பது வீடு தேடிய எவருக்கும் தெரியும். ராஃபிள்ஸ் போன்ற பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்ட மாணவர்களின் தந்தையர் பட்டதாரிகள் என்றும், அக்கம்பக்கப் பள்ளிகளில் அந்த அளவு பத்து விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது என்றும் 2011இல் லீ குவான் இயூவே எண்களோடு சொன்னார். ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தின் அன்றைய முதல்வர் 2015இல் தம் பள்ளி நாட்டை முழுமையாகப் பிரதிநிதிப்பதாக இனிச் சொல்லிக்கொள்ள முடியாது என்று மாணவர்கள் முன்னிலையிலேயே பேசினார். இவர்கள் வெளியிலிருந்து குறை சொல்பவர்கள் அல்லர். இந்த முறையைக் கட்டியவரும் அதன் உச்சியில் இருந்தவரும் சொன்ன சாட்சியம் இது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நாடுகளின் கல்வித் தரத்தை ஒப்பிடும் 2022 பீசா ஆய்வில் கணிதம், வாசிப்பு, அறிவியல் மூன்றிலும் சிங்கப்பூர் முதலிடம். இங்குள்ள ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளே பல பணக்கார நாடுகளின் சராசரிப் பிள்ளைகளுக்குச் சளைத்தவர்கள் அல்லர். அப்படியென்றால் இந்த முறை எல்லோரையும் தூக்கிவிட்டிருக்கிறது அல்லவா? ஆம், தூக்கிவிட்டிருக்கிறது. அது நல்ல ஆசிரியர்களின், நல்ல பள்ளிகளின் சாதனை. ஆனால் அதே ஆய்வில் வசதியுள்ள பிள்ளைக்கும் வசதியற்ற பிள்ளைக்கும் நடுவே உள்ள கணித இடைவெளி ஓஇசிடி நாடுகளின் சராசரியைவிடப் பெரியது. இங்கே ஒரு பிள்ளை போட்டியிடுவது ஐரோப்பியப் பிள்ளையோடு அல்ல, பக்கத்துப் பேட்டைப் பிள்ளையோடு. கல்வித் தரம் எல்லோருக்கும் உயரலாம். பட்டியலில் இடம் அப்படி உயராது. ஒருவர் மேலே ஏறினால் இன்னொருவர் இறங்கியே ஆக வேண்டும். பீசா காட்டுவது கற்பித்தலின் வெற்றியை. நாம் விவாதிப்பது வரிசைப்படுத்தலின் நியாயத்தை.

சராசரிகள் எப்படி ஏமாற்றும் என்பதற்கு நம் சமூகமே நல்ல சான்று. லிட்டில் இந்தியாவின் பீட்டி ரோட்டில் இருக்கும் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்), இந்திய மாணவர்கள் கல்வியில், குறிப்பாகக் கணிதத்தில், பின்தங்கியிருக்கிறார்கள் என்ற கவலையில் 1991இல் பிறந்தது. இன்றும் இந்தியத் தொழிலாளர்களின் மாதச் சம்பளத்திலிருந்து மத்திய சேமநிதி வழியாக ஒரு சிறு தொகை அதற்குப் போகிறது. அந்தப் பணத்தில் மலிவுக் கட்டணத் துணைப்பாட வகுப்புகள் நடக்கின்றன. ஆனால் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் இந்தியக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் சீனக் குடும்பங்களுடையதைவிட அதிகம். இரண்டும் உண்மை. தொண்ணூறுகளுக்குப் பின் இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய கணினி வல்லுநரும் வங்கி அதிகாரியும், மூன்று தலைமுறையாக வாடகை வீட்டில் இருக்கும் குடும்பமும் ஒரே இந்தியர் கட்டத்தில் அடைக்கப்படுகிறார்கள். கட்டம் முன்னேறியதைக் காட்டி, கட்டத்துக்குள் இருப்பவரிடம் உனக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்று கேட்பது, தகுதிப் பேச்சின் மிகக் கொடுமையான பயன்பாடு.

ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் ரோட்டில் நடப்பவர்களுக்கு நடுவே உள்ள இன்னொரு வேறுபாடு வேலை அனுமதி அட்டையில் இருக்கிறது. எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு 2023 செப்டம்பர் முதல் காம்பஸ் என்ற புள்ளி முறை நடப்பில் உள்ளது. 40 புள்ளிகள் வேண்டும். பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் பட்டம் என்றால் 20, வேறு பட்டம் என்றால் 10. அவர் சேரும் நிறுவனத்தின் நிபுணத்துவ, நிர்வாகப் பணியாளர்களில் அவருடைய நாட்டவர் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் 20, கால்வாசியோ அதற்கு மேலோ இருந்தால் சுழியம். அதாவது ஒரே சென்னைப் பொறியாளர், அதே படிப்பு, அதே அனுபவம், ஒரு நிறுவனத்தில் தகுதி பெறுவார், இன்னொன்றில் பெறாமல் போகலாம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பணியிடம் ஒரே நாட்டவர் மயமாகிவிடக் கூடாது என்பது ஒரு சமூகத்தின் நியாயமான விருப்பம். தகுதி ஒரு சமூக முடிவு என்பதை அரசாங்கமே இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். கட்டுமானத் தொழிலாளியும் தேர்வெழுதித்தான் வருகிறார். திறன் தேர்வில் தேறி, அடிப்படைத் திறன், உயர்திறன் என்று தரம் பிரிக்கப்படுகிறார். அவருக்காக முதலாளி கட்டும் தீர்வையும் அந்தத் தரத்தைப் பொறுத்தது. ஆனால் அவர் எவ்வளவு திறமையாக இருபது ஆண்டு உழைத்தாலும் வொர்க் பெர்மிட்டில் குடும்பத்தை அழைத்துவர முடியாது, நிரந்தரவாசத்துக்கும் வழியில்லை. அவருடைய தகுதி அளக்கப்படுகிறது, ஆனால் அந்த ஏணியில் அவருக்கு மேல்படி இல்லை. தகுதியுள்ளவர் உயர்வார் என்ற வாக்கியம் யாருக்குப் பொருந்தும் என்பதும் முன்கூட்டியே எடுக்கப்பட்ட ஒரு முடிவுதான்.

மேல்படியிலும் இதே நிலை. அடுத்த பிரதமராக அமைச்சர் எஸ். தனபாலனைப் பற்றி யோசித்ததாகவும், இந்தியர் ஒருவரைப் பிரதமராக ஏற்க நாடு இன்னும் தயாராக இல்லை என்றும் 1988இல் லீ குவான் இயூ கூறினார். திறமையில் குறை சொல்லப்படவில்லை, நாட்டின் மனநிலை காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 அதிபர் தேர்தலில் தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காடு வாக்குகளோடு வென்றார். பதவிகள் வேறு, காலமும் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் மக்கள் எதற்குத் தயார் என்பதை மக்களிடமே கேட்பது நல்லது என்பதை அந்த முடிவு உணர்த்துகிறது. அளவுகோலை வைத்திருப்பவர் தம் ஊகத்தையும் அதில் ஒரு கோடாகச் சேர்த்துவிட முடியும்.

இனி, தமிழர்களிடமிருந்தே வரும் மிகக் கடுமையான ஆட்சேபத்துக்கு வருகிறேன். மதிப்பெண்ணை நம்பாதே என்று தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பது நமக்குத் தெரியாதா? இலங்கையில் 1971இல் வந்த தரப்படுத்தல், பல்கலைக்கழகத்துக்குள் நுழையத் தமிழ்மொழி மாணவருக்குச் சிங்களமொழி மாணவரைவிட அதிக மதிப்பெண் வேண்டும் என்றாக்கியது. ஒரு தலைமுறையின் நம்பிக்கையை அது உடைத்தது, அதன் விளைவுகளை உலகம் கண்டது. மலேசியாவின் இட ஒதுக்கீட்டை விட்டுச் சிங்கப்பூருக்கு வந்த குடும்பங்களும் உண்டு. மதிப்பெண் குறையுள்ளதாக இருக்கலாம், ஆனால் அதுதானே சிறுபான்மைக்குக் கடைசி அரண்? இந்தக் கேள்வியின் வலி எனக்குப் புரிகிறது. என் பதில் இது: தரப்படுத்தலின் தவறு அளவுகோலைத் தொட்டது அல்ல. வாய்ப்புக் குறைந்தவரைத் தேடாமல், மொழியைப் பார்த்துக் கோட்டை நகர்த்தியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அதைத் தடுக்கும் பலம் இல்லாதபோது நகர்த்தியது. இதற்கு எதிர்த்திசையிலும் தமிழருக்கு அனுபவம் உண்டு. இந்தியாவில் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு வந்தபின் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் தமிழ்வழியில் படித்தவர்களும் மருத்துவக் கல்லூரிகளில் குறைந்ததை ஏ.கே. ராஜன் குழு 2021இல் பதிவு செய்தது. தமிழ்நாடு 2020இல் மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கொடுத்தது. தகுதியைத் திறந்த போட்டித் தேர்வின் மதிப்பெண்ணுக்குள் சுருக்கிவிட முடியாது என்று 2022 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றமும் கூறியது. கோடு இரண்டு இடங்களிலும் நகர்ந்தது. ஓரிடத்தில் அது எட்டாதவரை இன்னும் தள்ளியது, மற்றதில் எட்டாதவருக்கு அருகே வந்தது. அளவுகோலைத் தொடவே கூடாது என்ற பாடம் இந்த வரலாற்றில் இல்லை. யார் தொடுகிறார்கள், யாருக்காக, யாரைக் கேட்டு என்று விழிப்போடு இரு என்ற பாடமே இருக்கிறது.

இன்னொரு ஆட்சேபம்: அப்படியானால் இரவெல்லாம் கண்விழித்துப் படித்த பிள்ளையின் உழைப்புக்கு மதிப்பில்லையா? உண்டு, முழு மதிப்பு உண்டு. உழைப்பைப் பாராட்டலாம். ஆனால் உழைத்தவர்தான் வென்றார் என்பதிலிருந்து தோற்றவர் உழைக்கவில்லை என்ற முடிவுக்குப் போக முடியாது. பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக்கேல் யங் 1958இல் எழுதிய புத்தகத்தில் தகுதி ஆட்சியின் ஆபத்தாகக் கண்டது இதைத்தான்: வென்றவர்கள் எல்லாம் தம்மால் ஆனது என்று நம்பத் தொடங்குவார்கள், தோற்றவர்கள் தம்மையே பழித்துக்கொள்வார்கள். சிங்கப்பூரின் வாடகை வீடுகளில் ஆய்வு செய்து 2018இல் சமூகவியலாளர் டியோ யூ யென் எழுதிய புத்தகம் இவ்வளவு பேரால் வாசிக்கப்பட்டதற்கும், உழைத்தும் ஏறாதவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதை அது முகங்களோடு காட்டியதே காரணம்.

அறுவை மருத்துவரையும் விமான ஓட்டியையும் இட ஒதுக்கீட்டில் எடுப்பீர்களா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலைக்குத் தேவையான திறமை வேறு, வரிசையில் இடம் வேறு. மருத்துவர் தேர்ச்சி பெற்றவராக இருந்தே தீர வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் எடுத்த மதிப்பெண் அந்தத் தேர்ச்சியை முன்கூட்டியே சொல்லிவிடாது. தேர்ச்சியைக் கடுமையாக்குங்கள். வரிசையைச் சீக்கிரமாகவும் நிரந்தரமாகவும் ஆக்காதீர்கள்.

கடைசியாக, அளவுகோலைத் திருத்தினால் மட்டும் போதுமா? போதாது என்பதே சிங்கப்பூரின் அனுபவம். மதிப்பெண்ணைத் தாண்டிய திறமைகளுக்கு வழிவிட 2004இல் நேரடிப் பள்ளிச் சேர்க்கை வந்தது. விளையாட்டுக்கும் கலைக்கும் மதிப்பு கிடைத்தது, கூடவே அவற்றுக்கும் பயிற்சி வகுப்புகள் முளைத்தன. டி-ஸ்கோர் போனது, துணைப்பாடச் செலவு குறையவில்லை. பெற்றோர் பேராசைக்காரர்கள் என்பதால் அல்ல. மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் கிடைக்கும் வாழ்க்கை அவ்வளவு வேறுபடும்போது, எந்த அளவுகோலை வைத்தாலும் பணம் அதைத் தேடி வரும். ஆகவே உண்மையான சீர்திருத்தம் தேர்வறைக்கு வெளியே இருக்கிறது. துப்புரவுத் துறையில் 2014இல் கட்டாயமான படிப்படியான சம்பள உயர்வு முறை மேலும் பல துறைகளுக்கு விரிந்தது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்தவர்கள் பட்டயப் படிப்பில் சேரும்போது 5,000 வெள்ளியும், முடித்ததும் மத்திய சேமநிதியில் 10,000 வெள்ளியும் தரும் திட்டம் 2024இல் அறிவிக்கப்பட்டது. முன்னாள் பிரதமர் கோ சோக் டோங் 2013இல் தாம் படித்த ராஃபிள்ஸ் பள்ளியில், வென்றவர் பிறரைக் கைதூக்கிவிடும் பரிவுள்ள தகுதி முறை வேண்டும் என்று பேசினார். பரிவு நல்லதுதான், ஆனால் அது வென்றவரின் மனத்தைப் பொறுத்தது. சம்பளமும் மறுவாய்ப்பும் உரிமையாக வரும்போது யாருடைய மனத்தையும் பொறுத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே யாராவது இது தகுதி அடிப்படையில் முடிவானது என்று சொன்னால், நாம் தலையாட்டிவிட்டுப் போக வேண்டாம், கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். மூன்று கேள்விகள் கேட்போம். இங்கே அளக்கப்பட்டது அந்த வேலைக்கு உண்மையாகத் தேவையான திறமையா? அதற்குத் தயாராகும் வாய்ப்பு எல்லோருக்கும் இருந்ததா? இன்று தவறியவர் ஐந்து ஆண்டு கழித்துத் திரும்பி வர வழி இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் அந்தத் தகுதியை மனமார மதிப்போம். வராத இடங்களில் கோலை மாற்றக் கேட்போம். மாற்றும்வரை, தவறியவருக்கும் மரியாதையான சம்பளத்தையும் மரியாதையான வாழ்க்கையையும் உறுதி செய்யக் கேட்போம். 1979 முதல் 2024 வரை இந்த நாடு தன் அளவுகோலைப் பலமுறை திருத்தியிருக்கிறது. இன்னும் திருத்தச் சொல்வது சிங்கப்பூரின் கொள்கைக்கு எதிரான பேச்சு அல்ல. 1966இல் நீதியையும் சமத்துவத்தையும் சேர்த்தே உறுதி எடுத்துக்கொண்ட நாட்டிடம் அந்த உறுதியை நிறைவேற்றக் கேட்கும் குடிமக்களின் பேச்சு.